12 வோல்ட்டும் ஓர் எல்லைக் கோடும்

இராமேசுவரத்திலிருந்தோ மண்டபத்திலிருந்தோ சென்ற மீனவர்கள் எல்லை தாண்டியதாகக் கைது செய்யப்படும் ஒவ்வொரு முறையும் நாம் பேசுகிற பொருள்கள் ஏறத்தாழ ஒன்றேதான்: 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம், கச்சத்தீவு, இலங்கைக் கடற்படை, தில்லியின் அக்கறை அல்லது அக்கறையின்மை. இவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆனால், அந்தச் செய்திகளுக்கு நடுவே அடிக்கடி தலைகாட்டி, யாருடைய கேள்விக்கும் உள்ளாகாமல் கடந்துபோகும் ஒரு வாக்கியம் உண்டு. 'எஞ்சின் பழுதானதால் காற்றின் போக்கில் படகு எல்லையைக் கடந்துவிட்டது' என்பதே அது. என்ன பழுது என்று எவரும் கேட்பதில்லை.

பழுது பலவகைப்படும். டீசல் குழாயில் காற்றுப் புகுவதும் பழுதுதான். இயந்திர விசிறியில் வலை சுற்றிக்கொள்வதும் பழுதுதான். கைதுகள் எல்லாவற்றுக்கும் பழுதுதான் காரணம் என்று சொல்லவும் நான் வரவில்லை. மீன் இருக்கும் இடத்துக்கு வலை போகிறது. மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பாக் நீரிணையின் பழைய வழக்கு. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு சிறிய பகுதியை மட்டுமே. நள்ளிரவில் ஜி.பி.எஸ். திரை அணைந்துபோவது, வயர்லெஸ் கருவியில் கேட்க முடிந்தும் பேச முடியாமல் போவது, விடியற்காலையில் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் சுற்ற மறுப்பது ஆகிய மூன்றும் மூன்று வேறு பழுதுகளாகப் பேசப்படுகின்றன. கருவியைக் குறை சொல்கிறோம், பேட்டரியைக் குறை சொல்கிறோம், சில நேரம் விற்றவரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றே. மின்னழுத்தம், மின்தடை, மின்திறன் என்னும் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதே அந்த வேர்.

கடலின் அளவை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பாதி வழியில் எல்லை. கச்சத்தீவோ இராமேசுவரத்திலிருந்து 33 கிலோமீட்டர் என்பார்கள். இவ்வளவு குறுகிய நீர்ப்பரப்பில், எஞ்சின் இயங்காத படகு ஒன்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஓரிரவு விடப்பட்டால், காலையில் அது எந்த நாட்டில் இருக்கும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. கடலில் கோடு வரையப்படவில்லை. கோடு இருப்பது ஜி.பி.எஸ். திரையில். திரை இருப்பது பேட்டரியின் தயவில்.

பள்ளிப் பாடத்துக்குச் சற்றுத் திரும்புவோம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜியார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூல் அவருடைய நாட்டிலேயே தொடக்கத்தில் மதிக்கப்படவில்லை. இலண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் அளித்த பிறகே அவர் பெயர் நின்றது. அவர் சொன்ன விதி ஒரு வரிதான். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட், கிடைக்கும் என்பது பின்னால் வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற கணக்கு இது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் இதை விளக்க நூலகம் தேவையில்லை, கண்மாய் போதும். கண்மாயில் நிற்கும் நீரின் உயரம் மின்னழுத்தம். மடையின் குறுகலும், வாய்க்காலில் படிந்த வண்டலும், முளைத்த கோரையும் மின்தடை. வயலுக்குப் போய்ச் சேரும் நீரோட்டமே மின்னோட்டம். அந்த நீர் கடைசியில் செய்கிற வேலை மின்திறன். கண்மாய் நிறைந்து நிற்கும்போது வாய்க்காலில் நான்கு கோரை இருந்தாலும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கண்மாயில் முழங்கால் அளவு நீர் இருக்கும்போது அதே நான்கு கோரை கடைமடையைக் காய வைத்துவிடும். கோரை அதிகமாகவில்லை, நீரின் உயரம் குறைந்ததால் அந்தக் கோரையே பெரிதாகிவிட்டது. நம் வீடு 230 வோல்ட் நிறைந்த கண்மாய். படகோ 12 வோல்ட் கொண்ட ஆழமற்ற குட்டை. வீட்டில் கண்ணுக்குத் தெரியாத தடை, படகில் பாதி உயிரை எடுத்துவிடுகிறது.

எண்களால் பார்ப்போம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குத் தடை சுமார் 0.012 ஓம். பேட்டரியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு விளக்கு இருப்பதாகக் கொண்டால், போக வர இருபது மீட்டர். மொத்தத் தடை ஏறத்தாழ 0.24 ஓம். கால் ஓம்கூட இல்லை. வீட்டில் 60 வாட் விளக்கை இந்தக் கம்பியில் இணைத்தால் அது இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியர் அளவே. கம்பியில் இழக்கப்படும் அழுத்தம் 0.06 வோல்ட். யாருக்கும் தெரியாது. அதே 60 வாட்டைப் படகில் 12 வோல்ட்டில் பெற வேண்டுமானால் 5 ஆம்பியர் ஓட வேண்டும். இழப்பு 1.2 வோல்ட். பன்னிரண்டில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது: வீட்டில் ஒரு வாட்டின் அறுபதில் ஒரு பங்கு, படகில் 6 வாட். கம்பி அதுவே, விளக்கின் வாட்டும் அதுவே. வீணாவது மட்டும் முந்நூற்று அறுபது மடங்குக்கு மேல். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியின் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால் வரும் விளைவு இது.

இதே மாவட்டத்தில் இக்கணக்கின் மறுமுனையையும் காணலாம். கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அங்கு விளையும் மின்சாரம் 4 லட்சம் வோல்ட் அழுத்தத்துக்கு உயர்த்தப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. ஏன் அவ்வளவு உயர்த்த வேண்டும்? அழுத்தம் உயர்ந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் இழப்பு குறையும். அதே 648 மெகாவாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் ஐந்து கோடியே நாற்பது லட்சம் ஆம்பியர் ஓட வேண்டும்; அதைத் தாங்கும் கம்பி உலகில் இல்லை. கமுதிப் பொறியாளர்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுத் தவிர்க்கிற அதே இழப்பை, பாம்பனில் ஒரு படகுக்காரர் தம் சொந்தச் செலவில் தினமும் சுமக்கிறார்.

கம்பியின் நீளமும் தடிமனும் மட்டுமே பிரச்சினை என்றால் தடித்த கம்பி வாங்கிப் போட்டு முடித்துவிடலாம். உப்புக் காற்று அப்படி விடுவதில்லை. செம்பில் களிம்பு ஏறுவதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே அதுதான். கரையோரத்தில் அது உவமையாக நிற்பதில்லை. கம்பியின் நுனியை உரித்து, முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். டேப்பின் பசை வெயிலில் இளகுகிறது. ஈரம் உள்ளே இழுக்கப்படுகிறது. இழைகளுக்கு நடுவே தந்துகி போல உப்புநீர் ஏறி, உறைக்குள் ஓர் அடி தூரம் வரை கம்பி கறுத்துப்போகிறது. வெளியே பார்த்தால் புதிய ஒயர். உரித்தால் கரி. பேட்டரியின் ஈய முனையும் பித்தளைக் கிளிப்பும் இரும்பு போல்ட்டும் உப்புநீரில் நனைந்து சேர்ந்திருக்கும் இடம் தானே ஒரு சிறு மின்கலமாகி, ஒரு உலோகத்தை மற்றொன்று அரிக்கத் தொடங்குகிறது. இப்படித் தோன்றும் தடையை விற்பனைச் சீட்டிலோ பெட்டியின் மேலோ எவரும் அச்சிடுவதில்லை.

வயர்லெஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். படகுகளில் பொருத்தப்படும் வி.எச்.எஃப். கருவியின் ஒலிபரப்புத் திறன் 25 வாட். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது அது இழுப்பது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. பேசும் பொத்தானை அழுத்தியதும் 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயர், களிம்பேறிய இணைப்பு, தளர்ந்த ஃபியூஸ் பிடி எல்லாம் சேர்ந்து மொத்தத் தடை 0.4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது இழப்பு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு போல. கருவி பளிச்சென்று வேலை செய்கிறது, அடுத்த படகின் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. பொத்தானை அழுத்திய கணத்தில் இழப்பு 2.2 வோல்ட். பேட்டரியில் 12.2 வோல்ட் இருந்தாலும் கருவிக்குச் சேருவது பத்துதான். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டு, அதற்குப் பதினைந்து விழுக்காடு மேலும் கீழும் தாங்குபவை, 11.7-க்குக் கீழே போனால் அவற்றின் நடத்தைக்கு உத்தரவாதம் இல்லை. திரை ஒருமுறை மங்கி, கருவி அணைந்து மீண்டும் எழுகிறது. 'செட்டு சரியில்லை' என்ற தீர்ப்புடன் அது கரைக்கு வருகிறது. கடையில் நல்ல பேட்டரியில் இணைத்தால் நன்றாகப் பேசுகிறது.

இதன் கொடுமை என்னவென்றால், கருவி பழுதில்லாதது போலத் தோன்றுவதுதான். உதவி வேண்டாத வரையில் அது நல்ல கருவி. 16-ஆம் அலைவரிசையில் உதவி கோரும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அது ஊமையாகிறது. கரைக்கு எட்டிய தூரத்தில் கைப்பேசி இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்கலாம். பத்துக் கடல் மைலுக்கு அப்பால் அந்த வாய்ப்பை நம்பியிருக்க முடியாது.

செல்ஃப் மோட்டாரின் கதை இன்னும் கடுமையானது. டீசல் எஞ்சினைச் சுழற்றும் அந்த மோட்டார் சில நொடிகளுக்கு 200 ஆம்பியர், பெரிய எஞ்சினானால் அதற்கு மேலும் இழுக்கும். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம், தடை இருந்தால் போதும். 2 வோல்ட் அங்கேயே காணாமற்போகும். 400 வாட் வெப்பம் அந்த ஒரு பேட்டரி முனையில் பிறக்கும். அது ஓர் இஸ்திரிப் பெட்டியின் பாதி வெப்பம். 'டக்' என்று ஓர் ஒலி; மோட்டார் சுற்றுவதில்லை. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைத்துப் பார்த்தால் 0.01 ஓம் தெரியவே தெரியாது. பேட்டரியை அளந்தால் 12.5 வோல்ட் காட்டும். எல்லாம் சரி, ஆனால் எஞ்சின் மட்டும் இயங்காது.

அளக்கும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தால் தெரியாத இதயக் கோளாறு, ஓடவிட்டால் தெரியும். பேட்டரியும் அப்படியே. சுமை இல்லாமல் எடுக்கும் அளவு, பேட்டரியில் எவ்வளவு மின்னேற்றம் மிச்சம் என்பதைத்தான் சொல்லும்: ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8-க்கு வந்துவிட்டால் காலி. வழியில் இருக்கும் தடையை அது சொல்லாது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையின் நடுவிலும் மற்றொன்றை அதன்மேல் மாட்டிய கிளிப்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கிடையே வோல்ட்டே இருக்கக் கூடாது. அரை வோல்ட் காட்டினாலும் குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருக்கிறான். பாம்பனில் நான் பார்த்த ஒரு படகில் இந்தச் சோதனையில் 1.8 வோல்ட் காட்டியது. அதன் உரிமையாளர் அந்த ஆண்டில் இரண்டாவது பேட்டரி வாங்கியிருந்தார். கிளிப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவியதும் எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது. பழைய பேட்டரியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

விளக்குகள் இதில் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்திருக்கின்றன. பழைய இழை பல்பு நேர்மையானது. அழுத்தம் குறைந்தால் மங்கும்; மங்கினால் படகில் இருப்பவர் எழுந்து பார்ப்பார். அது எச்சரிக்கையும்கூட. இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பல, உள்ளே ஒரு மின்னணுச் சுற்றைக் கொண்டவை. அழுத்தம் குறையும்போது அந்தச் சுற்று வெளிச்சத்தைக் குறைப்பதில்லை; அதே வாட்டைத் தருவதற்காக மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கிறது. மின்னோட்டம் கூடினால் ஒயரில் இழப்பு கூடும்; இழப்பு கூடினால் விளக்குக்கு வரும் அழுத்தம் மேலும் குறையும்; விளக்கு மேலும் இழுக்கும். கடைசி வரை பிரகாசமாக எரிந்துவிட்டு ஒரே கணத்தில் அணைந்துபோகும். அப்போது பேட்டரியில் எஞ்சினைச் சுழற்றும் தெம்பும் மிச்சமிருக்காது. (மீனைக் கவர்ந்திழுக்க ஜெனரேட்டர் வைத்து எரிக்கும் எல்.இ.டி. விளக்குகள் வேறு, அவற்றை மத்திய அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது. நான் சொல்வது தளத்தில் வேலை பார்க்கவும் பிற படகுகளுக்கு இருப்பைக் காட்டவும் எரியும் சாதாரண விளக்குகளை.)

எல்.இ.டி. குறைவாகத்தானே இழுக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் குறைவாக இழுப்பதால் கூடுதலாக மாட்டிவிடுகிறோம். 20 வாட் விளக்கு நான்கு என்றால் 80 வாட். 12 வோல்ட்டில் 6.7 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 67 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் நலமாக எடுக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு நங்கூரத்தில் கிடக்கும் இரவுகளில் இந்தக் கணக்கு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினைச் சுழற்ற ஒரு பேட்டரி, விளக்குக்கும் கருவிகளுக்கும் தனியாக ஒரு பேட்டரி என்று பிரித்துவிட்டால் விடியலில் குறைந்தபட்சம் எஞ்சின் எழும். செலவு கூடுதல்தான். மறுக்கவில்லை.

பெரிய விசைப்படகுகளில் வேறொரு பொருத்தமின்மை. எஞ்சினுக்கு 24 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஜி.பி.எஸ்., வயர்லெஸ் போன்றவை 12 வோல்ட்டில் இயங்குபவை. உடனே கை எங்கே போகிறது? இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். பார்க்க எளிய தீர்வு. ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகக் காலியாகிறது. மின்னேற்றும்போதோ இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது. காலியான பேட்டரி நிறையும் முன்பே மற்றது நிறைந்து கொதிக்கத் தொடங்குகிறது. ஒன்று பட்டினியிலும் மற்றொன்று அஜீரணத்திலும் சாகின்றன. 24-ஐ 12 ஆக மாற்றித்தரும் சிறு மாற்றி ஒன்றைப் பொருத்தினால் இரண்டிலிருந்தும் சமமாக எடுக்கலாம். அதன் விலை ஒரு பேட்டரியின் விலையைவிட மிகக் குறைவு. விளக்கு வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். 24 வோல்ட்டுக்கான இழை பல்பை 12 வோல்ட்டில் போட்டால் திறன் பாதியாகும் என்று தோன்றும். ஏறத்தாழ கால் பங்காகிவிடும். 12 வோல்ட் பல்பை 24-இல் போட்டால் நான்கு மடங்கை நோக்கி ஏறி, ஏறும் வழியிலேயே வெடிக்கும். பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட் அதன் குணம் அன்று. அதற்குரிய அழுத்தம் கிடைத்தால் அது செய்யப்போகும் வேலை மட்டுமே.

"பன்னிரண்டு வோல்ட்டு ஆளைக் கொல்லுமா அண்ணே?" என்று கேட்பவர்கள் உண்டு. தொட்டால் கொல்லாது. உலர்ந்த தோலின் தடை மிக அதிகம். ஆனால், குறைந்த அழுத்தம் என்றால் குறைந்த ஆபத்து என்று கொள்வது தவறு. குறைந்த தடை சேர்ந்துவிட்டால் அது நெருப்பு. 2019-இல் இந்தியா சட்டமியற்றித் தடை செய்த மின் சிகரெட்டை இதற்கு எடுத்துக்காட்டலாம். அதனுள் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் கலம்தான். பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன் வெப்பச் சுருளின் தடை அரை ஓம் என்றால் 7.4 ஆம்பியர் ஓடி 27 வாட் வெப்பம் பிறக்கும். புகை அதிகம் வேண்டும் என்று தடையை 0.1 ஓமுக்கு இறக்கினால் 37 ஆம்பியர், 137 வாட். அந்த மின்னோட்டத்தைத் தரும் வலிமை அந்தக் கலத்துக்கு இல்லாதபோது அது கொதித்து வெடிக்கிறது. வெளிநாடுகளில் சட்டைப் பையிலும் வாயிலும் அது வெடித்துத் தீக்காயம் பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொருள் தடை செய்யப்பட்டது உடல்நலத்துக்காக. இந்தக் கணக்குக்காக அன்று. கணக்கு ஒன்றே என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

படகில் இருக்கும் ஈய-அமில பேட்டரியின் உள்தடையோ ஓமில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தற்செயலாக இணைத்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் ஓடும். ஸ்பேனர் பழுக்கக் காயும். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன், காற்றில் நான்கு விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக் கூடியது. காற்றோட்டமில்லாத எஞ்சின் அறை, டீசல் ஆவி, ஃபைபர் உடல். இங்கே ஃபியூஸ்தான் காவலாளி. அது எரிந்துபோனதும் அந்த இடத்தில் ஒரு செம்பிழையைச் சுற்றிவிடுகிற வழக்கத்தைப் பல துறைகளில் பார்த்திருக்கிறேன். காவலாளியைக் கொன்றுவிட்டு அவன் சட்டையைக் கம்பத்துக்கு மாட்டியது போலத்தான் அது. ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை என்று நினைக்கிறோம். அது முதலில் காப்பாற்றுவது ஒயரை. எனவே அது கருவியின் அருகே அல்லாமல், பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகே இருக்க வேண்டும். ஒயர் தாங்கும் ஆம்பியருக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும்.

இனி அரசின் பக்கம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஆழ்கடல் தகவல் தொடர்பின் இன்மை எல்லோருக்கும் உறைத்தது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பவும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் வல்லது அக்கருவி. வரவேற்க வேண்டிய திட்டம். படகு ஒன்றுக்குச் சராசரியாக 36,000 ரூபாய் ஆகிறது. ஆனால், அந்தக் கருவி போய் ஒட்டிக்கொள்வது மேலே நான் விவரித்த அதே ஒயரில்தான். கண்மாய்க்கு மடை கட்டக் கோடிகள் ஒதுக்கிவிட்டு வாய்க்காலைத் தூர்வார மறந்த கதையை இந்த மாவட்டம் ஏற்கெனவே அறியும்.

தூர்வாரும் காலமும் நமக்கு ஆண்டுதோறும் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையேற்றப்படுகின்றன, பலகை மாற்றப்படுகிறது, வண்ணம் பூசப்படுகிறது, எஞ்சின் பிரித்துப் பூட்டப்படுகிறது. மீன்வளத் துறை படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் இக்காலத்தில்தான். பதிவு, நீளம், எஞ்சினின் ஆற்றல் ஆகியவற்றைப் பார்க்கிற அந்த ஆய்வுப் பட்டியலில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்கிறேன்: சுமையின்போது கருவியின் முனையில் கிடைக்கும் வோல்ட் எவ்வளவு, ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர். படகு ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். மாவட்டத்தின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களைப் பயிற்சியாகவே இதில் ஈடுபடுத்தலாம். மின் மோட்டாரைப் பலகையில் வரைந்து படிப்பதைவிட அவர்களுக்கும் அது பயன்படும்.

மானியமும் தேவைதான், ஆனால் பெரியதாக வேண்டியதில்லை. வெள்ளீயம் பூசிய செம்பிழை ஒயர், அழுத்திப் பொருத்தும் லக், உட்புறம் பசை தடவிய வெப்பச் சுருக்கக் குழாய், நீர் புகாத ஃபியூஸ் பெட்டி ஆகிய நான்கும் உப்புக் காற்றுக்கு உரியவை. வெள்ளீயம் பூசிய ஒயர் நம் கரையோரக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கேட்டால் வீட்டுக்கு இழுக்கும் ஒயரையே எடுத்துத் தருகிறார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாகத் தருவித்து வைத்தால் அந்தக் குறை நீங்கும். மீனவர்களின் அலட்சியம் என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. காற்றின் பெயரையும் நீவாட்டின் திசையையும் வைத்தே இரவில் கரை சேர்ந்தவர்கள் அவர்கள். ஒயர் என்னும் பொருள் அவர்கள் கைக்கு வந்தபோது, அதை எப்படிப் பேணுவது என்று சொல்லித்தர எவரும் உடன் வரவில்லை.

அதுவரை, ஒரு படகுக்காரர் தாமே செய்துகொள்ளக் கூடியது உண்டு. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தி, விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டு, வயர்லெஸின் பேசும் பொத்தானை அழுத்தியபடி முதலில் பேட்டரி முனையிலும் பிறகு கருவியின் பின்புற முனையிலும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள் வேறுபாடு இருந்தால் கடலுக்குப் போகலாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால், நேர்முனை ஒயரில் ஒவ்வோர் இணைப்பாக நகர்ந்து அளந்துகொண்டே வர வேண்டும்; அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் எதிர்முனை ஒயரிலும் அவ்வாறே. பெரும்பாலும் எதிர்முனையில்தான் இருக்கும், ஏனெனில் அதை எவரும் பார்ப்பதில்லை.